தலதா மாளிகையில் வழிபட: கோயில் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு

கண்டி தலதா மாளிகைக்குப் போய் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் புத்தரின் பல்லைப் பார்க்கலாம் என்று நம்பிப் போனவர்கள். சாதாரண நாளில் அதை யாருக்கும் காட்டுவதில்லை. பூஜை வேளையில் மேல்மாடி அறைக் கதவு திறக்கும்போது தாதுகோபுர வடிவிலான பொன்முலாம் பேழை தெரியும். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறு பேழைகள். கடைசிப் பேழைக்குள்தான் தந்ததாது, அதாவது அந்தப் பல். மல்வத்தை, அஸ்கிரிய என்ற இரு பௌத்த பீடங்களின் மகாநாயக்கர்கள் (தலைமைப் பிக்குகள்), மாளிகையின் பொறுப்பாளரான தியவதன நிலமே ஆகிய மூவரும் சேர்ந்தால்தான் அதைத் திறக்க முடியும். பக்தருக்குக் கிடைப்பது பேழைக்கு நேரே சில நொடிகள். இங்கே வழிபாடு என்பது பூவைக் கொண்டுபோய் வைப்பதுதான். அதற்குத் தயாராகப் போங்கள்.

நேரம்

நாளுக்கு மூன்று பூஜை: காலை 5.30, முற்பகல் 9.30, மாலை 6.30. இவற்றைத் தேவாவ என்பார்கள். மேளம் தொடங்கியதும் கதவு திறந்துவிடாது. கீழ்த்தள மண்டபத்தில் தவுலும் தம்மெட்டமும் ஹொரணையும் (நம் நாகசுரத்தின் சிறிய உறவு) முழங்கிக்கொண்டிருக்க, உள்ளே பிக்குகள் மூடிய கதவுக்குப் பின்னால் சடங்குகளை நடத்துவார்கள். அது முடிந்த பிறகுதான் பொதுமக்களுக்கு வழி. மேளக்காரர்களைப் பார்த்தபடி கீழேயே நின்றால் மேல்மாடி வரிசையில் கடைசி ஆளாவீர்கள். பேழையைப் பார்ப்பது முக்கியம் என்றால் பூஜைக்கு அரை மணி முன்பே உள்ளே வந்து நேரே மாடியேறி வரிசையில் நில்லுங்கள். மேளம் மேலேயும் நன்றாகவே கேட்கும்.

கூட்டம் குறைவாக இருப்பது வார நாளின் விடியற்காலையில். போயா, அதாவது பௌர்ணமி, இலங்கையில் விடுமுறை நாள். அன்று வெள்ளை உடை வெள்ளம். புதன்கிழமைகளில் மூலிகையும் நறுமணமும் கலந்த நீரால் நானுமுர மங்கல்ய என்ற திருமஞ்சனச் சடங்கு உண்டு. அந்த நீருக்கு நோய் தீர்க்கும் குணம் இருப்பதாக நம்பி மக்கள் வாங்கிப்போவார்கள். நம் தீர்த்தப் பழக்கத்துக்கு மிக நெருக்கமாக மாளிகையில் இருப்பது இது ஒன்றுதான்.

உடை

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை கட்டாயமில்லை, ஆனால் வெள்ளையில் போனால் கூட்டத்தோடு கலந்துவிடுவீர்கள். வேட்டி நன்றாகப் பொருந்தும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிடக் கூடாது. வெற்று மார்போடு நிற்கிறவர்கள் மேளக்காரர்கள். அது அவர்களுடைய பணிக்கோலம். திருச்செந்தூர் பழக்கத்தில் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போகும், கவனம்.

தொப்பியையும் செருப்பையும் கழற்ற வேண்டும். செருப்பை வெளியே காப்பகத்தில் ஒப்படைக்கலாம். முற்பகல் பூஜை முடிந்து வரும்போது முற்றத்துக் கல் சுடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்காகவே விடியல் பூஜையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உடலில் புத்தர் உருவப் பச்சை இருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது வெறும் முகச்சுளிப்போடு முடியாது. சுற்றுலாப் பயணிகளை நாட்டைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

1998 ஜனவரி குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வாசலில் சோதனை கடுமையானது. பெரிய பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். இலங்கையர் அல்லாதோர் சீட்டு வாங்க வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பூ

வாசல் கடைகளில் தாமரை, நீல மானெல் எனப்படும் அல்லி, மல்லிகை, அரளிய கிடைக்கும். இந்த அரளிய நம் அரளி அல்ல, நாம் ஈழத்தலரி என்று சொல்வது. ஒருவருக்கு இரண்டு மூன்று தாமரை மொட்டு தாராளம். மாலை வேண்டாம்; சாத்தும் வழக்கம் இங்கே இல்லை, பூ போய்ச் சேர்வது பேழை அறைக்கு முன்னால் உள்ள நீண்ட மேசைக்கு.

மொட்டின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாக விரித்து உள்நோக்கி மடித்தால் பூ மலர்ந்ததுபோல் நிற்கும். கடைக்காரரே செய்து தருவார்; அருகில் நின்று பார்த்தால் நீங்களும் செய்யலாம். உள்ளிருந்து தொடங்கினால் இதழ் கிழியும். வெளிவரிசையிலிருந்து வாருங்கள், நகம் படக் கூடாது. தண்ணீர் தெளித்து, தட்டிலோ இரு கைகளிலோ ஏந்திப் போங்கள். முகர்ந்து பார்க்காதீர்கள், முகர்ந்த பூ படைக்கப்படுவதில்லை. இது மட்டும் நம் ஊர் வழக்கமேதான்.

மேசையை அடைந்ததும் பூவை எறியாமல், இருக்கும் பூக்களுக்கு மேல் இரு கைகளாலும் வையுங்கள். வைக்கும்போது பௌத்தர்கள் மனதில் சொல்லிக்கொள்ளும் பாலி வரிகளின் சாரம் இது: இந்தப் பூ வாடுவதுபோல் என் உடலும் அழியும். வரம் கேட்பதற்குப் பதிலாக இதை நினைக்கிறார்கள். பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை கிடையாது. கற்பூரம், தேங்காய் உடைப்பது, பிரசாதம் எதுவும் கிடையாது. தீபமும் ஊதுபத்தியும் வெளியே, அவற்றுக்கென்று ஒதுக்கிய இடத்தில்.

பேழையின் நேர்முன்னால் நின்றுவிட்டால் காவலர் நகரச் சொல்வார். கதவு தெரியத் தொடங்கும் முன்பே கை கூப்பிவிடுங்கள். எதிரே வந்தபின் பையைத் தோளில் ஏற்றி, தட்டைக் கைமாற்றி நின்றால் அந்த நொடிகள் போய்விடும். வரிசையிலிருந்து விலகியதும் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வணங்கலாம். கால்களைப் பேழைப் பக்கம் நீட்டாதீர்கள், மடக்கிப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இங்கே பெரிய அவமதிப்பு.

உணவு படைக்கும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. தாதுவை உயிரோடு இருக்கும் புத்தராகவே கொண்டு பணிவிடை செய்கிறார்கள். பிக்குகளுக்கு நண்பகலுக்குப் பின் திட உணவு இல்லை. ஆகவே சோறும் கறியும் முற்பகலோடு சரி. மாலையில் கிலன்பச என்ற பானங்கள் மட்டும்.

தாது வெளிப்படும் நாட்கள்

எப்போதாவது பேழைகளைத் திறந்து தாதுவையே காட்டுவார்கள். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை நடந்த சிறி தலதா வந்தனாவ, 16 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, இரவெல்லாம் சாலையோரத்தில் மக்கள் கிடந்தார்கள். இனிமேல் கண்டிக்கு வரவேண்டாம் என்று அதிகாரிகளே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அடுத்த முறை போக நினைப்பவர்கள் தண்ணீர், மருந்து, மழைக்கு ஒரு விரிப்பு, அடுத்த நாளுக்கும் சேர்த்து உணவு இவற்றோடு போக வேண்டும். முதியவரையும் கைக்குழந்தையையும் அந்த வரிசையில் நிறுத்துவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. வேறொரு நாள் பேழையை வணங்கினாலும் வழிபாட்டில் குறை இல்லை.

ஆண்டுதோறும் கண்டியில் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத்தில் மாளிகை யானை சுமப்பதும் தாது அல்ல, பேழைதான். அந்த ஊர்வலம் முன்பு தேவாலயங்களின் (இங்கே தெய்வங்களுக்கான கோயில்களுக்கு இந்தப் பெயர்) விழாவாக இருந்தது. தாதுவை அதில் முதன்மையாக்கியவர் மதுரை நாயக்கர் உறவில் வந்த கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

மாளிகையிலிருந்து வெளியே வந்ததும் எதிரே நாத தேவாலயத்தைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கண்டியில் எஞ்சியவற்றில் மிகப் பழையது. அதன் கல்வேலையில் திராவிடச் சாயல் தெளிவாகத் தெரியும். பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி நம் கண்ணகிதான். அங்கே கப்புராளை எனும் பூசகர் உங்களுக்காக வேண்டிக்கொள்வார். குடும்பக் கோரிக்கை ஏதாவது மனதில் இருந்தால் மாளிகையில் அல்ல, இங்கே சொல்லுங்கள்.