கிளையன்ட் வருவதற்கு முந்தின நாள்

மெய்க்காப்பு வேலை என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா?" வெளிநாட்டுப் பயணங்களில் பெரும்பாலும் கிடையாது. ஒரு நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டில் ஆயுதம் தூக்க முடியாது. என் ஆயுதம் ஒரு நோட்டும் தேய்ந்த ஷூவும்தான். கிளையன்ட் வருவதற்கு ஒரு நாள் முன்பே போய், அவர் நடக்கப்போகிற இடமெல்லாம் நடந்து பார்த்துவிடுவேன். இந்தத் தொழிலில் இதை 'அட்வான்ஸ்' என்போம்.

கிளம்பும் முன் அவருடைய உதவியாளரிடம் பேசி இரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதத்துக்காவது செல்லுமா என்றும் பாருங்கள். பல நாடுகள் இதைக் கேட்கும். அப்புறம், பயணத் திட்டம் யார் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். நாம் பொத்திப் பொத்தி வைத்த விவரத்தை, வீட்டுப் பிள்ளை விமான நிலையத்திலிருந்து போடும் ஒரு செல்ஃபி ஊருக்கே சொல்லிவிடும்.

ஹோட்டலில் 3 முதல் 6 வரை ஏதாவது ஒரு மாடியில் அறை கேட்பேன். தரைத்தளத்துக்குத் தெருவிலிருந்தே ஆள் ஏறி வரலாம். ரொம்ப உயரே போனால் தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டாமல் போகலாம். லிஃப்டை ஒட்டிய அறை வேண்டாம்.

அவசரப் படிக்கட்டில் கட்டாயம் இறங்கிப் பாருங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். ஒருமுறை நான் தனியாக இறங்கினேன். கடைசிக் கதவைத் தள்ளினால் சலவைத் துணி வண்டிகள் அடைத்து நிற்கும் பின்கட்டு, வெளி கேட்டில் பூட்டு. சரி, திரும்ப ஏறிவிடலாம் என்றால் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் கைப்பிடியே இல்லை. இருபது நிமிடம் கழித்துத் துணி எடுக்க வந்த பையன்தான் திறந்துவிட்டான். ஹோட்டல் கொடுத்த வரைபடத்தில் அது 'வெளியேறும் வழி'. அன்றிலிருந்து ஒருவரைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இரவு மேனேஜரின் நம்பரும் போனில் இருக்கும்.

கிளையன்ட் எந்த நேரத்தில் போவாரோ அதே நேரத்தில் அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். காலை 6 மணிக்குக் காலியாகக் கிடக்கும் சாலை 9 மணிக்கு அசையாது. மாற்றுப் பாதை ஒன்றாவது கைவசம் இருக்கட்டும். ஆனால் எத்தனை பாதை வைத்திருந்தாலும் புறப்படும் வாசலும் இறங்கும் வாசலும் மாறாது. அதனால் எனக்கு நடுவழியை விட இந்த இரண்டு இடங்களில்தான் பயம் அதிகம். 1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டது, வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டலை விட்டு வெளியே வந்து காரை நோக்கி நடந்த சில அடி தூரத்தில். கார் முதலில் வெள்ளை மாளிகைக்குத்தான் கிளம்பியது. அவர் வாயில் இரத்தத்தைப் பார்த்த பாதுகாப்பு அதிகாரி ஜெர்ரி பார், வண்டியை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். அதனால்தான் ரீகன் பிழைத்தார்.

மருத்துவமனை விஷயத்தில் வெறும் பெயரும் முகவரியும் போதாது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய காயத்துக்கு 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்கிறார்களா என்று நேரில் விசாரியுங்கள். இருட்டிய பிறகு அவசரப் பிரிவு வாசல் வரை ஒருமுறை வண்டியை ஓட்டிப் போய்ப் பாருங்கள். முன்வாசல் பளபளவென்று இருக்கும், அவசரப் பிரிவோ பின் தெருவில் இருக்கும்.

டிரைவரிடம் மூன்றே விஷயம் சொல்வேன்: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது, வண்டி வெளியே பார்த்து நிற்க வேண்டும், டீ குடிக்கக்கூட சீட்டை விட்டு இறங்குவதாக இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் முடித்து வைத்திருப்போம். கிளையன்ட் வந்து இறங்கிய அரை மணியில், "இன்றைக்குச் சாப்பாடு வேறு இடத்தில்" என்பார். முகம் சுளிக்காதீர்கள். அவர் குளித்து உடை மாற்றிக் கிளம்ப எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் முன்னால் போய்ப் பின்வாசலையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு, சுவரை ஒட்டிய ஒரு மேசையைப் பிடித்து வைத்துவிடலாம்.