டைவிங் ஓய்ந்திருக்கும் மாதங்களில் ஸ்கூபா சாதனங்களை எடுத்து வைப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கடல் கலங்கிவிட்டால், சென்னையிலும் புதுச்சேரியிலும் டைவிங் செய்பவர்கள் சாதனங்களை எடுத்து வைக்கத் தொடங்குவார்கள். முதன்முதலாகச் சொந்த செட் வாங்கியவர்கள் பலர் அதைக் குழாயடியில் ஒருமுறை அலசிப் பையில் திணித்து, பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கடலுக்குள் போய்வரும் நேரத்தைவிட, அந்தப் பைக்குள் கிடக்கும் மாதங்களில்தான் சாதனம் அதிகம் கெடுகிறது. ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, காய்ந்ததும் படிகமாகி, வால்வுகளின் விளிம்பிலும் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்திலும் இறுகிவிடும்.

படி 1: ஊறவைத்தல்

பெரிய தொட்டியில் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை நிரப்பி, குறைந்தது அரை மணி நேரம் சாதனங்களை ஊறவிடுங்கள். வீட்டில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலையாவது குடிநீர்த் தரமுள்ள தண்ணீரில் செய்யுங்கள். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருவது ரெகுலேட்டர். அதை நீரில் இறக்கும் முன், சிலிண்டரில் பொருந்தும் வாயை மூடும் டஸ்ட் கேப்பைத் துணியால் ஈரமின்றித் துடைத்து இறுக்கமாகப் பொருத்த வேண்டும். சிலிண்டரில் இணைத்துக் காற்றைத் திறந்துவிட்ட நிலையில் ஊறவைப்பது மேலும் பாதுகாப்பானது. இணைக்காமல் ஊறவைத்தால், மவுத்பீஸ் பகுதியின் முன்பக்கத்தில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக, சிலிண்டரில் பொருந்தும் பகுதியான முதல் நிலைக்குள் ஏறிவிடும்.

படி 2: பிசிடியின் உட்பக்கம்

பிசிடி என்பது காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட். அதன் உட்பக்கத்தைக் கழுவுவது, புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை. நானும் ஒரு வருடம் விட்டுவிட்டேன். வெளியே நன்றாகக் கழுவிய பிசிடியை அக்டோபரில் மாட்டி வைத்து, பிப்ரவரியில் நீச்சல் குளத்தில் அணிந்து, அதில் காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டரின் பட்டனைத் தொட்டேன். உள்ளே போன பட்டன் திரும்பி வரவில்லை. ஜாக்கெட் விலா எலும்பை இறுக்கும்வரை ஊதிக்கொண்டே போனது. ஹோஸைக் கழற்றிவிட்டுக் கரையேறிப் பார்த்தபோது, பட்டனைச் சுற்றி அரிசி மாவு தூவியதுபோல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. குளமாக இருந்ததால் பிழைத்தேன். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இது நடந்திருந்தால், கட்டுப்பாடின்றி மேலே இழுத்துச் செல்லப்பட்டு, நுரையீரல் காயம்வரை போயிருக்கலாம்.

ஆகவே இன்ஃப்ளேட்டரின் வாய்ப்பகுதி வழியாக மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, வாயால் ஊதி நிரப்பி, எல்லாப் பக்கமும் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து அதே வழியாக வெளியேற்றுங்கள். வெளிவரும் நீரை நாக்கில் தொட்டுப் பார்த்து, உப்புச் சுவை போகும்வரை திரும்பச் செய்யுங்கள். கழுவும்போதே பட்டன்களைப் பலமுறை அழுத்தி விடுங்கள். பிறகு பாதி ஊதிய நிலையில் மாட்டி வைத்தால் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளாது.

படி 3: உலர்த்துதல்

மொட்டை மாடி வெயில் வேண்டாம். புற ஊதாக் கதிர் ரப்பரையும் நியோப்ரீனையும் வெடிக்கச் செய்யும். நிழலில், மின்விசிறிக் காற்றில், மழைக்காலமானால் இரண்டு மூன்று நாள்கூட விடுங்கள். குளிர் தாங்க அணியும் நியோப்ரீன் உடையான வெட்சூட்டை முதலில் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி உலர்த்துங்கள். நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடங்கிய நுரை. மடித்து வைத்தால் மடிப்பில் குமிழ்கள் நசுங்கி, அந்த இடத்தில் குளிர் தாங்கும் தன்மை குறையும். தோள்பட்டை அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, ஜிப்பில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

படி 4: சிலிண்டர்

சொந்த சிலிண்டர் இருந்தால் அதை முழுக்க நிரப்பியும் வைக்க வேண்டாம், முழுக்கக் காலியாகவும் வைக்க வேண்டாம். சுமார் 20 முதல் 30 பார் அழுத்தம் இருந்தால், வெளியிலிருந்து ஈரக் காற்று உள்ளே நுழையாது. எஃகு சிலிண்டருக்குள் ஈரம் இருந்தால் துருப்பிடிக்கும். துரு பிடிக்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்வதால், நெடுநாள் கிடந்த பழைய காற்றைச் சுவாசிப்பது ஆபத்து. எனவே மறுபடி எடுக்கும்போது பழைய காற்றை வெளியேற்றி, உட்புறத்தைச் சோதித்த பிறகே புதிதாக நிரப்புங்கள். அடியிலுள்ள ரப்பர் உறையைக் கழற்றி, விழாதபடி நிமிர்த்தி வையுங்கள்.

படி 5: வைக்கும் இடம்

வெயில் படாத, வெப்பம் ஏறாத அறை போதும். கார் டிக்கி கூடாது. இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் அருகிலும் வைக்காதீர்கள்; மோட்டாரில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும். ரெகுலேட்டர் ஹோஸ்களைப் பெரிய வளையமாகச் சுற்றிப் படுக்க வையுங்கள். மாஸ்க்கைத் தனிப் பெட்டியில் போடுங்கள். கறுப்பு ரப்பருடன் ஒட்டிக் கிடந்தால் நிறமற்ற சிலிக்கானில் கறை ஏறும். காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்களை முனையில் நிற்க வைத்தால் வளைந்துவிடும். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் மிக மெல்லிய பூச்சாகப் போதும். கரப்பான் பூச்சி மவுத்பீஸுக்குள் புகும் என்பதால், நன்றாக உலர்ந்த பிறகு ரெகுலேட்டரை மூடிய பையில் வைப்பது நம் ஊருக்கு அவசியம்.

படி 6: மறுபடி எடுக்கும்போது

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் இணைக்காமல், டஸ்ட் கேப் மூடியபடியே, மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். காற்று சிறிதும் வரக் கூடாது. வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரமோ வெளிமூச்சு வால்வோ மடங்கியோ கிழிந்தோ இருக்கலாம். சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். ஹோஸ் உலோகத்துடன் சேரும் இடத்தில் உறையை நகர்த்தி, வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தேடுங்கள். தயாரிப்பாளர் குறித்த சர்வீஸ் கெடு, டைவ் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மாறாது. இவை முடிந்தபின், ஆழமில்லாத குளத்தில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அணிந்து பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் படகில் ஏற்றுங்கள்.