வின்சன் சிகரம் ஏற விரும்புவோருக்கு

அண்டார்க்டிகாவின் மிக உயரமான சிகரமான வின்சனுக்கு (4,892 மீட்டர்), அங்கே கோடை நிலவும் டிசம்பர் அல்லது ஜனவரி மாதத்தில், சிலி நாட்டின் புந்தா அரீனாஸிலிருந்து யூனியன் பனியாற்றுக்குப் பறந்து, அங்கிருந்து சறுக்குக் கட்டைகள் பொருத்திய சிறு விமானத்தில் அடிவார முகாமை அடையுங்கள். வானிலை பயணத்தைப் பல நாட்கள் நிறுத்திவைக்கக்கூடும் என்பதால், கூடுதல் நாட்களை ஒதுக்குவதே முதன்மையான ஆயத்தம் என்பேன். பனிப்பிளவுகள் மெல்லிய பனிமூடியின் கீழ் மறைந்திருக்கும். கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைந்தே நடக்க வேண்டும்.

புறப்படுமுன் மலையின் வரலாற்றையும் அறிந்துகொள்ளுங்கள். 1958இல் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து கண்டறியப்பட்ட இதன் உச்சியை, நிக்கோலஸ் கிளிஞ்ச் தலைமையிலான குழுவினர் 1966 டிசம்பர் 18 அன்று முதன்முதலில் எட்டினர். அன்று 5,140 மீட்டர் எனக் கருதப்பட்ட உயரம் பிற்கால அளவீடுகளில் குறைந்துவிட்டதால், பழைய வரைபடங்களின் எண்ணை நம்ப வேண்டாம்.