வீட்டில் துணி துவைக்கும்போது நேரும் தவறுகளைத் தவிர்ப்பது எப்படி?

வெள்ளை வேட்டி பழுப்பேறினாலும், துண்டு அட்டைபோல் விறைத்துப் போனாலும் சலவைத் தூளையோ வாஷிங் மெஷினையோ குறை சொல்வதே வழக்கம். காரணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலான வீடுகளில் அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, குழாயில் வரும் தண்ணீரின் தன்மையை அறியாமல் துவைப்பது. மற்றொன்று, எதையும் அளவுக்கு மீறிச் செய்வது. தூளைக் கூட்டிப் போடுவதும், இரவு முழுவதும் ஊறவைப்பதும், தேய்த்துத் தேய்த்து இழையைப் பிரிப்பதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

முதலில் தண்ணீர்

தமிழகத்தின் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராகவே இருக்கிறது. அதில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காக மாறுகின்றன. வாளியின் விளிம்பில் படியும் அந்தப் பிசுக்குதான் துணியின் இழைகளுக்குள்ளும் படிந்து, நாளடைவில் வெள்ளையை மங்கச் செய்து துணியை முரடாக்குகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் பிடித்து, சாதாரண குளியல் சோப்பைச் சீவிச் சிறிது போட்டு நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர்; நுரை எழாமல் திரிந்த பால்போல் ஆனால் அது கடின நீர்.

கடின நீரில் துவைப்பவர்கள் சோப்புக் கட்டியைவிட டிடர்ஜென்ட் தூளையோ திரவத்தையோ பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் இவை அந்த அளவுக்குப் பிசுக்கை உண்டாக்குவதில்லை. அப்போதும் துணி வெளுக்கவில்லை என்றால், தூளை இரட்டிப்பாக்குவதற்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, சில நிமிடங்கள் கழித்துத் தூளைப் போடலாம். சோடா தண்ணீரின் கடினத்தன்மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், தூள் அழுக்கை எடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். இதற்குச் சமையல் சோடா ஈடாகாது. பட்டு, கம்பளித் துணிகளுக்குச் சலவைச் சோடாவும் ஆகாது. கையால் அலசுபவர்கள் கையுறை அணிவது நலம்.

இங்கே ஒரு சிக்கனப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்துத் துணி துவைக்கும் வீடுகள் பல உண்டு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் பாராட்டத்தக்கதே. ஆயினும் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது என்பதால், அது குழாய்த் தண்ணீரைவிடவும் கடினமானது. அதைக் கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் வைத்துக்கொண்டு, துணிக்கு, குறிப்பாகக் கடைசி அலசலுக்கு, இருப்பதில் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள்.

தூளும் ஊறலும்

நுரை அதிகமாக எழுந்தால்தான் அழுக்கு போகும் என்பது பரவலான தவறான எண்ணம். தேவைக்கு மேல் போட்ட தூள் அலசலில் முழுமையாகப் போகாமல் துணியிலேயே தங்கிவிடுகிறது. அதில் புழுதி ஒட்டுகிறது, தோலில் அரிப்பும் ஏற்படலாம். சந்தேகம் இருந்தால், துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை வெறும் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள். தூள் போடாமலே நுரை வந்தால், இதுவரை போட்டுவந்த அளவு கூடுதல் என்று பொருள்.

ஊறவைப்பதற்கு அரை மணி நேரம் போதும்; மிகவும் அழுக்கானால் ஒரு மணி நேரம். இரவெல்லாம் ஊறினால் வெளியேறிய அழுக்கு மீண்டும் துணியில் படிவதோடு, சாயம் கசிந்து, வாளியே நாறத் தொடங்கும். சட்டைக் காலரையும் கைமடிப்பையும் மட்டும் ஊறவைப்பதற்கு முன்பே திரவ சோப்பு தடவி, மென்மையான தூரிகையால் தேய்த்துவிடலாம். தரை தேய்க்கும் பிரஷ்ஷால் காலரைத் தேய்ப்பவர்களுக்கு அழுக்கு போவதற்குள் காலரே போய்விடுகிறது.

கையால் துவைக்கும்போது எத்தனை வாளி தண்ணீரில் அலசுகிறோம் என்பதைவிட, ஒவ்வோர் அலசலுக்கும் நடுவில் பிழிகிறோமா என்பதே முக்கியம். பிழியாமல் அடுத்த வாளிக்கு மாற்றினால் சோப்புத் தண்ணீரும் துணியோடு சேர்ந்தே போகிறது. பிழிந்து பிழிந்து மூன்று முறை அலசுவது, பிழியாமல் ஐந்து முறை முக்கி எடுப்பதைவிட மேலானது.

சாயம் போகும் துணிகள்

புதிதாக வாங்கிய சுங்குடிச் சேலையையும், கருநீல ஜீன்ஸையும், அடர்சிவப்புத் துணிகளையும் முதல் சில சலவைகளுக்குத் தனியாகவே துவைக்க வேண்டும். சாயம் போகுமா என்று அறிய, உட்புறத் தையலோரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் போகும். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். உப்பு நீரில் இருக்கும்வரை சாயம் கசிவது குறையலாம். ஆனால் ஆலையில் சரியாகப் பிடிக்காத சாயத்தை உப்பு வீட்டு வாளியில் நிலைநிறுத்திவிடாது. மிகுதியான சாயம் வெளியேறும்வரை குளிர்ந்த நீரில் தனியாக அலசுவதே வழி.

ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டால், அதைக் காயப்போடாமல் ஈரமாக இருக்கும்போதே மீண்டும் துவைத்துவிடுங்கள். காய்ந்து இஸ்திரிச் சூடும் பட்ட பிறகு அந்த நிறத்தை எடுப்பது மிகவும் கடினம்.

சாம்பார்க் கறை ஏன் சிவக்கிறது?

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியவுடன் பதற்றத்தில் சோப்பைத் தேய்ப்பார்கள். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே செங்குங்கும நிறமாக மாறும். சட்டை போயிற்று என்று எண்ணி உடனே பிளீச் ஊற்றுவது அடுத்த தவறு. உண்மையில் அங்கே கறை பெருகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரத்தன்மையுள்ள பொருளைத் தொட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சோப்பு முழுவதும் போகும்வரை அலசினால் அது மறுபடி மஞ்சளாகிவிடும்.

இந்தக் கறையில் எண்ணெய், நிறமி என இரண்டு இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் தேவை. ஒட்டியிருக்கும் பருப்பையும் குழம்பையும் கரண்டி விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, விரலால் மெல்லத் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்தால் எண்ணெய் நீங்கும். பிறகு வழக்கம்போல் துவைத்து, கறை படிந்த பக்கம் மேலே தெரியும்படி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது என்பதால், எஞ்சிய மஞ்சளை வெயிலே எடுத்துவிடும். ஒரு நாளில் போகாவிட்டால் நனைத்து மறுநாளும் போடலாம். வண்ணத் துணிக்கு இந்த முறையைப் பின்பற்றினால் துணியின் நிறமும் சேர்ந்து வெளுக்கும், எச்சரிக்கை.

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் கறைகளுக்கு வெந்நீர் கூடாது. சூட்டில் புரதம் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அலசிய பின் சோப்பு போடலாம். பால்பாயின்ட் பேனா மைக்குக் கீழே பழைய துணியை வைத்து, சானிடைசரை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். இரும்புத் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் உதவும்.

பிளீச்சும் சொட்டு நீலமும்

குளோரின் பிளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே உரியது. பட்டையும் கம்பளியையும் அது அரித்துவிடும். எலாஸ்டிக் கலந்த துணிகளை மஞ்சளாக்கும். போர்வெல் நீரில் இரும்புச் சத்து அதிகமுள்ள வீடுகளில், அதாவது வாளியும் குளியலறைத் தரையும் செம்பழுப்பாகக் கறைபடும் வீடுகளில், பிளீச் ஊற்றினால் வெள்ளை வெளுப்பதற்கு மாறாகப் பழுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருந்த இரும்பைப் பிளீச் துருவாக்கித் துணியில் படியவைப்பதே அதற்குக் காரணம். துருக்கறையின்மீது பிளீச் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளீச்சை வினிகருடனோ கழிப்பறை கழுவும் அமிலத்துடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

சொட்டு நீலம் அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சள் சாயலை மறைத்து வெள்ளையாகக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே சோப்பு நீங்க அலசிய துணியை, நீலம் சீராகக் கரைந்த தண்ணீரில் விரித்து முக்கி உடனே எடுக்க வேண்டும். முறுக்கிய நிலையில் போட்டாலோ, துணியின் மேலேயே சொட்டுவிட்டாலோ திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

பட்டு

காஞ்சிபுரம் போன்ற கனமான சரிகைப் பட்டுகளை டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதே என் பரிந்துரை. மென்பட்டுகளை வீட்டில் அலசுவதானால் ஊறவைக்காமல், குளிர்ந்த நீரில் மென்மையான திரவ சோப்பு சில துளிகள் கலந்து, ஓரிரு நிமிடங்களில் முடித்துவிட வேண்டும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

வாஷிங் மெஷின்

ஏழு கிலோ என்று எழுதியிருப்பது, உலர்ந்த பருத்தித் துணிகளுக்கும் முழுநேரச் சலவைக்கும் உரிய உச்ச அளவு. அரை மணி நேரத்தில் முடியும் விரைவுச் சலவையில் அத்தனையையும் திணித்தால் துணி நனைந்து திரும்புமே தவிர துவைக்கப்பட்டிருக்காது. ஃபிரன்ட் லோடு மெஷினில் துணிகளைப் போட்ட பிறகு மேற்புறத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். அதற்கென்று விற்கும் குறைநுரைத் தூளையே பயன்படுத்துங்கள். சாதாரணத் தூளின் நுரை, துணிகள் ஒன்றோடொன்று மோதி உராய்வதைத் தடுத்துவிடும். துண்டுகளுக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அது இழைகளின்மேல் ஒரு படலமாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

காயவைத்தல்

அடர்நிறத் துணிகளை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, இயன்றவரை நிழலில் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் துணி நாறுகிறது என்ற புகார் அதிகம் எழும். ஈரம் நெடுநேரம் தங்கும்போது, துவைத்த பின்னும் இழையில் எஞ்சியிருக்கும் பாக்டீரியாக்கள் பெருகுவதால் வரும் வாடை அது; வாசனைத் திரவம் அதை மறைக்குமே அன்றிப் போக்காது. மழைநாளில் கூடுதலாக ஒருமுறை ஸ்பின் செய்து, துணிகளுக்கிடையே கைப்பிடி அகலம் இடைவெளி விட்டு, மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். சலவை முடிந்ததும் துணியை மெஷினுக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். எடுத்த பிறகு மெஷினின் கதவையும் சிறிது நேரம் திறந்தே வையுங்கள். வாடை ஏற்கெனவே ஏறிவிட்ட பருத்தித் துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும், அவற்றின் லேபிள் அனுமதித்தால், 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, வெயில் அடிக்கும் முதல் நாளிலேயே மொட்டை மாடியில் நன்றாக உலர்த்தி எடுங்கள்.