இரவல் கான்ஃபிக்: பிட்காயின் நோடு அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சாரல் காலத்தில், தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் மினி பிசி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி வந்தார். "அண்ணே, மூணு வாரமா நோடு ஓடுது. சிங்க் முடியவே மாட்டேங்கு. இப்ப டிஸ்க்கும் ஃபுல்லாயிட்டு" என்றார். 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. பிட்காயின் சங்கிலி முழுவதையும் வைத்திருக்க 600 ஜிபிக்கு மேல் வேண்டுமே என்றேன். "அதுக்குத்தான ப்ரூன் போட்டிருக்கேன்!"

சாயா போட்டுக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நோடை ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரின் செட்டிங் எல்லாம் பிட்காயின்.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் இருக்கும். அவருடையதில் எட்டு வரிகள். எங்கோ வெளிநாட்டில் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து அப்படியே இறக்கியவை. அதை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பெட்டியில் 32 ஜிபி ராம் இருந்திருக்கும், கரண்ட் போயிருக்காது, ரவுட்டருக்குச் சொந்தப் பொது ஐபி கிடைத்திருக்கும். இங்கே தென்னை ஓலை ஒன்று லைனில் விழுந்தால் தெருவே இருட்டு. இரவல் சட்டை போல, அந்தக் கோப்பு நம் வீட்டுக்கு எந்தத் தோளிலும் பொருந்தவில்லை.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நோடு என்பது மைனிங் இல்லை, அதாவது புதிய பிளாக் உண்டாக்கிக் காசு சம்பாதிக்கும் வேலை இல்லை. 2009 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட முதல் பிளாக்கில், அதாவது முதல் பரிவர்த்தனைக் கட்டில், தொடங்கி இன்றைய பிளாக் வரை எல்லாவற்றையும் இறக்கி, விதிப்படி இருக்கிறதா என்று நம் பெட்டியே சரிபார்க்கும். அவ்வளவுதான். இப்படி முழுவதையும் இறக்கிச் சரிபார்த்து முடிப்பதுதான் சிங்க். இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. "நோடு வாங்குங்க, தினமும் பணம் வரும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால் அவர் வேறு எதையோ விற்கிறார். செட்டிங் பேச்சே அங்கே தேவையில்லை.

சரி, கோப்புக்கு வருவோம். செட்டிங் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்; கோப்பில் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும்.

முதல் வரி ப்ரூன்=1. பழைய பிளாக்குகளைச் சரிபார்த்த பிறகு அழித்துவிடு என்று சொல்லும் செட்டிங் இது. 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப் என்று தம்பி நினைத்திருக்கிறார். மற்ற பல செட்டிங்குகளில் அப்படித்தான், ஆகவே நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இங்கே 1 என்றால் "நான் கையால் கட்டளை கொடுக்கும்போது மட்டும் அழி" என்று அர்த்தம். அவர் கட்டளை கொடுக்கவே இல்லை, நோடும் ஒன்றையும் அழிக்கவில்லை. தானாக அழிய வேண்டுமென்றால் 550 அல்லது அதற்கு மேற்பட்ட எண் போட வேண்டும். அது மெகாபைட் கணக்கு. 50 ஜிபி என்று நினைத்து 50 என்று போடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு நோடு கிளம்பாது, பிழைச்செய்தி வரும். ஒருவகையில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கோப்பில் ஒன்பதாவதாக டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1 என்று ஒரு வரி இருந்ததாம். எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் அட்டவணை போடச் சொல்லும் வரி. ப்ரூனும் அதுவும் ஒன்றாக இருக்க முடியாது, நோடு முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டது. தம்பி அந்த வரியை அழித்துவிட்டு, இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டார். ஓடவிடாத தவறு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஓடவிடும் தவறுதான் மூன்று வாரம் தின்னும்.

ப்ரூனுக்கு என்ன எண் போடலாம்? 550 போட்டாலும் மொத்தம் அரை ஜிபியில் அடங்கிவிடாது. செலவாகாத காசுகளின் பட்டியலுக்கு, அதாவது செயின்ஸ்டேட்டுக்கு, தனியாக 10 ஜிபிக்கு மேல் வேண்டும். மேலும் 550-ல் கையிருப்பில் சில நாட்களின் பிளாக்குகளே நிற்கும். பழைய வாலட்டைக் கொண்டுவந்து சேர்த்தால், அதன் வரவு செலவைத் தேட வேண்டிய பிளாக்குகள் இருக்காது. 500 ஜிபி டிஸ்க்கில் 100000 போடலாம், சுமார் 100 ஜிபி. நாளைக்கு மனம் மாறி ப்ரூனை எடுத்தால் முதல் பிளாக்கிலிருந்து மொத்தத்தையும் திரும்ப இறக்க வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வரி டிபிகேஷ்=6000. சரிபார்க்கும் வேகத்துக்காக நோடு ராமில் எடுத்துக்கொள்ளும் இடம் இது. வெகுகாலம் இதன் இயல்பு அளவு 450 மெகாபைட்டாக இருந்தது. கூட்டினால் முதல் சிங்க் வேகமாகும், அது உண்மை. ஆனால் 8 ஜிபி பெட்டியில் 6 ஜிபியை நோடுக்குக் கொடுத்து, பக்கத்தில் பிரவுசரும் திறந்தால் ராம் தீர்ந்துபோய் லினக்ஸே நோடைக் கொன்றுவிடும். நோடு தன் வேலையைக் குறித்து வைக்கும் லாகைப் பார்த்தால், விடைபெறும் வரி எதுவும் இல்லாமல் நின்று, மறுபடி கிளம்பியிருந்தது. அப்படி ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு முறையும் கேஷில் இருந்து டிஸ்க்குக்கு இறங்காத வேலை அத்தனையும் வீண், திரும்பச் செய்ய வேண்டும்.

கரண்ட் போனாலும் இதே கதைதான். நம் மாவட்டத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ரப்பரும் தென்னையும் லைனை ஒட்டி நிற்காத தெரு குறைவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் நோடு ஓடாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை, போகட்டும். என் கவலை ஐந்து நிமிடம் போய் வரும் கரண்டைப் பற்றித்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது பெட்டி அணைந்தால் செயின்ஸ்டேட் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கெட்டால் ரீஇண்டெக்ஸ், அதாவது அந்தப் பட்டியலைத் திரும்பக் கட்ட வேண்டும். முழு நோடு என்றால் டிஸ்க்கில் இருக்கும் பிளாக்குகளை வைத்தே திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ப்ரூன் செய்த நோடுக்கு அந்த வழி இல்லை, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். சின்ன டிஸ்க் வைத்திருப்பவருக்குத்தான் யுபிஎஸ் அதிகம் தேவை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். என் வீட்டிலும் இருந்தது. மின்விசிறி நிற்காது, பெட்டி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் தாங்காது. அந்தச் சுவிட்சைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

நாமே நிறுத்தும்போதும் இதே தவறு நடக்கும். பவர் பட்டனை அழுத்தக் கூடாது, ஸ்டாப் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் கேஷ் முழுவதையும் டிஸ்க்குக்கு இறக்க நோடுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். லினக்ஸில் சேவைகளைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் அதன் இயல்பான பொறுமை 90 விநாடிதான்; அதற்குள் நிற்காவிட்டால் கொன்றுவிடும். பிட்காயின் கோர் தரும் மாதிரி சர்வீஸ் கோப்பில் 600 விநாடி என்று போட்டிருப்பது இதனால்தான். நிரலைத் தனிக் கூண்டில் வைத்து ஓட்டும் டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் மோசம், அது பத்தே விநாடி காத்திருக்கும். நிறுத்தும் நேரத்தை நீட்டிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வரியைப் பார்த்ததும்தான் சிங்க் ஏன் இவ்வளவு மெதுவாகப் போனது என்று புரிந்தது. கனெக்ட்= என்று போட்டு ஒரு ஐபி முகவரி. வேகமான நோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று வீடியோவில் சொன்னார்களாம். அதற்கு இருக்கும் வரி ஆட்நோடு. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் கனெக்ட் என்றால் "இவரோடு மட்டும் பேசு, வேறு யாரிடமும் போகாதே". வெளியில் இருந்து வரும் இணைப்பையும் சேர்த்து மூடிவிடும். சாதாரணமாக ஒரு நோடு தானே தேடிப் பத்துப் பேரோடு இணைப்பு வைத்துக்கொள்ளும். ஒருவர் மறைத்தால் இன்னொருவர் சொல்வார். தம்பியின் நோடோ மூன்று வாரமாக, முகம் தெரியாத ஒருவரை மட்டும் நம்பி இருந்திருக்கிறது. பொய்யான பிளாக்கை அவர் தள்ளிவிட முடியாது, அதை நோடு கண்டுபிடித்துவிடும். ஆனால் புதிய பிளாக் வந்ததையே சொல்லாமல் இருக்கலாம். யாரையும் நம்ப வேண்டாம் என்றுதான் நோடே போடுகிறோம்!

அடுத்தது எனக்கு உண்மையிலேயே பயம் தந்த வரிகள். ஆர்பிசிபைண்ட் 0.0.0.0, ஆர்பிசிஅலோஐபி 0.0.0.0/0, கூடவே வீடியோவில் காட்டிய அதே யூசர்நேமும் பாஸ்வேர்டும். ஆர்பிசி என்பது நோடுக்குக் கட்டளை கொடுக்கும் வாசல், போர்ட் 8332. வாலட் ஏற்றியிருந்தால் காசை அனுப்பச் சொல்லும் கட்டளையும் இதே வாசல் வழியாகத்தான் வரும். அந்த இரண்டு வரியும் சேர்ந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம். பாஸ்வேர்டு வீடியோவிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு ரவுட்டரில் 8332, 8333 இரண்டையும் திறந்துவிட்டிருந்தார். மற்ற நோடுகள் வந்து போகும் போர்ட் 8333 மட்டும்தான். 8332-ஐ இணையத்துக்குத் திறக்க எந்தக் காரணமும் கிடையாது. அதில் போகும் பேச்சுக்கு மறையாக்கமும் இல்லை. 2016-ல் வந்த 0.12 பதிப்பிலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

நோடு ஓடும் பெட்டியிலேயே கட்டளை கொடுப்பவருக்கு இந்த வரிகள் ஒன்றுமே வேண்டாம். நோடு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் குக்கீ கோப்பு ஒன்றை உருவாக்கும், அதுவே சாவி. வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து வேண்டுமென்றால் அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதித்து, பாஸ்வேர்டை நேராக எழுதாமல் ஆர்பிசிஆத் வரியாகப் போடலாம். வெளியூரில் இருந்து பார்க்க வேண்டுமா, எஸ்எஸ்ஹெச் டனல் என்ற மறையாக்கிய பாதை போதும்.

தம்பியைக் காப்பாற்றியது அவர் இணைப்பின் குறைபாடு. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வேன் ஐபியை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தோம்: 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநாட். பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடைத்து வைக்கும் முறை. இதில் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியில் இருந்து ஈ கூட உள்ளே வராது. "அப்போ நான் இத்தனை நாளும் போர்ட் திறந்தது சும்மாவா?" என்று கேட்டார். சும்மாதான், நல்ல வேளை.

உள்வரும் இணைப்பு இல்லாததால் உங்கள் நோடுக்குக் குறை ஒன்றுமில்லை, சரிபார்ப்பு முழுமையாகவே நடக்கும். பிறருக்கும் உதவ ஆசை என்றால் இருப்பிடத்தை மறைத்து இணைக்கும் டோர் மென்பொருளை நிறுவி, அதன் கன்ட்ரோல் போர்ட் 9051-ஐத் திறந்து, டோரின் குக்கீ கோப்பைப் படிக்கும் அனுமதியை நோடுக்குக் கொடுத்தால், டோர் வழியாக மட்டும் வந்து சேரக்கூடிய ஆனியன் முகவரியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். முதல் சிங்க்கையே டோரில் மட்டும் ஓட்டாதீர்கள், பொறுமை போய்விடும்.

டேட்டா பற்றிச் சுருக்கமாக. முழு நோடு பழைய பிளாக்குகளைப் பிறருக்குக் கொடுக்கும்போது அப்லோடு எகிறும். மேக்ஸ்அப்லோட்டார்கெட் வரி அதை ஒரு நாளைக்கு இத்தனை மெகாபைட் என்று கட்டுப்படுத்தும், இறக்குவதைக் கட்டுப்படுத்தாது. மொபைல் டேட்டாவில் ஆரம்பிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தினம் 2 ஜிபி என்றால் 600 ஜிபிக்கு 300 நாள். நீங்களே முடிவு செய்யுங்கள்.

எட்டாவது வரி டீபக்=1. எல்லாவற்றையும் லாகில் எழுது என்று அர்த்தம். டிஸ்க் நிரம்பியதில் அதன் பங்கும் கொஞ்சம் இருந்தது. ஏதாவது பிழையைத் தேடும் நாளில் மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும்.

தம்பியின் கோப்பில் இல்லாத, ஆனால் நான் செய்த ஒரு தவறும் உண்டு. ராஸ்ப்பெரி பையில் வெளி டிஸ்க்கை ஒரு அடைவில் மவுண்ட் செய்து, அதாவது ஏற்றி, அந்த மவுண்ட் அடைவையே டேட்டா அடைவாகக் கொடுத்திருந்தேன். ஒரு மழை நாளில் ரீஸ்டார்ட் ஆனபோது டிஸ்க் ஏறவில்லை. ஆனால் அடைவு காலியாக எஸ்டி கார்டில் இருந்தது. நோடு அதையே எடுத்துக்கொண்டு முதல் பிளாக்கில் இருந்து புதிதாக இறக்க ஆரம்பித்து, கார்டு நிறையும்வரை நிறுத்தவில்லை. இப்போது டிஸ்க்குக்கு உள்ளே ஒரு துணை அடைவை உண்டாக்கி அதைக் கொடுத்திருக்கிறேன். டிஸ்க் ஏறாவிட்டால் அந்த அடைவும் இருக்காது, நோடு கிளம்ப மறுத்துவிடும்.

விண்டோஸில் நோட்பேடு சத்தமில்லாமல் பெயரின் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடுவது இன்னொன்று. கோப்பு கண்ணெதிரே இருக்கும், நோடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சிக்னெட் என்ற சோதனை வலையில் பழகுபவர்களுக்கும் இப்படி ஒரு பொறி இருக்கிறது: போர்ட் போன்ற சில வரிகளைச் சிக்னெட் பகுதிக்குக் கீழே எழுதாமல் மேலே எழுதினால் அவை மெயின்நெட்டுக்கு, அதாவது நிஜக் காசு ஓடும் வலைக்கு மட்டுமே செல்லும். எதைச் சந்தேகப்பட்டாலும் டீபக் லாகின் தொடக்க வரிகளைப் படியுங்கள். எந்தக் கோப்பைத் திறந்தது, அதிலிருந்து எந்தெந்த வரிகளை எடுத்துக்கொண்டது என்று நோடு அங்கே எழுதி வைத்திருக்கும்.

தம்பியின் பெட்டி இப்போது தக்கலைக் கடையில் ரவுட்டருக்குப் பக்கத்தில், இரண்டுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. ப்ரூன் 100000, டிபிகேஷ் சிங்க் முடியும்வரை 2000, அப்புறம் 450. கனெக்ட் வரியை மட்டும் அவர் அழிக்கவில்லை, நோடு அதைப் படிக்காதபடி முன்னால் ஒரு # போட்டு விட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "கடையில ரெண்டு பயலுவ வேல படிக்கானுவண்ணே, அவனுவளுக்குக் காட்டணும்லா" என்றார்.