நெடிக்குக் காரணம் ஒரு பித்தளைத் துண்டு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்குப் பராமரிப்பு வேலை. அங்கே குளிரூட்டுவது நீரற்ற அம்மோனியா. ஒரு வாரமாக இயந்திர அறைக் கதவைத் திறந்தாலே நெடி கண்ணைக் கரித்தது. "பழகிப்போச்சு தம்பி" என்றார் கூட வேலை செய்யும் அண்ணன். எனக்கு அதுதான் பயம். மூக்கு மரத்துப்போனால் கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லையே.

அம்மோனியாவுக்கான முகமூடியும் கையுறையும் போட்டு, காற்றாடியை ஓடவிட்டு, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே போனோம். வால்வுகளில் ஒன்றுமில்லை. பிரஷர் மீட்டருக்கு அடியில் பிடித்ததும் தாள் சட்டென்று நீலமானது. டார்ச் அடித்துப் பார்த்தால், மரையைச் சுற்றி மயில்துத்தம் போல நீலப் படிவு, நடுவில் மயிரிழை விரிசல். யாரோ அவசரத்துக்குப் பித்தளை இணைப்பை மாட்டியிருக்கிறார்கள். செம்பையும் பித்தளையையும் அம்மோனியா அரித்துவிடும். எஃகுதான் தாங்கும்.

உடனே ஸ்பேனரைத் தூக்கவில்லை. இந்தத் திரவம் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிப்பது. தோலில் பட்டால் உறையவும் வைக்கும், பொசுக்கவும் செய்யும். பயிற்சி பெற்ற டெக்னீஷியனை வரவழைத்தோம். அவர் வால்வை அடைத்து, உள்ளே மிஞ்சியதை முறையாக வெளியேற்றிய பிறகே கழற்றினார். எஃகு இணைப்பு, அம்மோனியாவுக்கென்றே செய்த மீட்டர், இரண்டும் புதிது.

அப்புறம் கண் கழுவும் குழாயைக் கதவுக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னேன். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண் தெரியாமல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் காலை அதே மூட்டில் மறுபடி தாளைப் பிடித்தேன். சிவப்பு மாறவில்லை.