சார்ஜர் சொருகியிருந்தும் சார்ஜ் இறங்குகிறதா? உடனே பேட்டரியை மாற்றாதீர்கள்

லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருக்கிறது. திரையின் மூலையில் பிளக் படமும் தெரிகிறது. ஆனாலும் 84, 79, 71 என்று சார்ஜ் இறங்கிக்கொண்டே போகிறது. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுசு வாங்க ஓடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. என் அக்கா மகள் கல்லூரி புராஜெக்ட் நேரத்தில் அப்படித்தான் செய்தாள். புது பேட்டரியும் அதே வேகத்தில் இறங்கியது.

சார்ஜ் சீராக இறங்குகிறது என்றால் பேட்டரி வேலை செய்கிறது என்று அர்த்தம். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தில் துண்டு விழுகிறது. அதைப் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து ஈடுகட்டுகிறது. கெட்ட பேட்டரி பெரும்பாலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 40-இல் இருந்து சட்டென்று 7-க்குத் தாவும், பிளக்கைப் பிடுங்கியதும் லேப்டாப் அணைந்துவிடும்.

எவ்வளவு துண்டு விழுகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை வாட்-அவரில் சொல்வார்கள். 50 வாட்-அவர் பேட்டரி ஒரு மணி நேரத்தில் 20 சதவீதம் இறங்கினால் 10 வாட்-அவர் போயிருக்கிறது. அதாவது சராசரியாக 10 வாட் போதவில்லை. அப்புறம் ஒரு சோதனை: லேப்டாப்பை ஷட் டவுன் செய்து அரை மணி நேரம் சார்ஜில் விடுங்கள். ஏறினால் பிரச்சினை பற்றாக்குறைதான். அப்போதும் ஏறவில்லை என்றால்தான் அடாப்டர் (சார்ஜர்தான்), ஜாக் (லேப்டாப்பில் சார்ஜர் பின் சொருகும் துளை), பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும்.

பின் பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த அடாப்டரைச் சொருகுவது அடுத்த தவறு. அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 45 வாட். 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அக்கா மகள் ஹாஸ்டல் தோழியிடமிருந்து மாற்றி எடுத்து வந்தது 45 வாட். அவள் லேப்டாப்புக்கு வேண்டியது 65. ஆம்பியர் அதிகமான அடாப்டர் போட்டால் லேப்டாப் எரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வோல்ட் சரியாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம், லேப்டாப் தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும்.

டெல், ஹெச்பி போன்றவற்றின் பல அடாப்டர்களில் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். இது எத்தனை வாட் அடாப்டர் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உள்ளே வயர் அறுந்தாலோ லேப்டாப் அடாப்டரை அடையாளம் காணாது; வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியையும் ஏற்றாது. மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே என்று அடாப்டரை நம்பிவிடாதீர்கள். லோடு இல்லாமல், அதாவது லேப்டாப்பில் சொருகாமல் அளந்தால் பலவீனமான அடாப்டரும் சரியான வோல்டேஜைக் காட்டலாம்.

டைப்-சி வந்தபிறகு குழப்பம் இன்னும் அதிகம். போன் சார்ஜர் அதே வாயில் அழகாகப் பொருந்தும், ஆனால் அது 18 அல்லது 25 வாட் சார்ஜராக இருக்கலாம். அதைவிடப் பலர் கவனிக்காதது கேபிள். 100 வாட் சார்ஜரே இருந்தாலும், சாதாரண கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும் என்பதால் 20 வோல்ட்டில் 60 வாட்டோடு நின்றுவிடும். 5 ஆம்பியர் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும், அது இருந்தால்தான் 100 வாட் வரும். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப் ஒன்றை நடுவில் மாட்டினால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் விடும். எல்லா டைப்-சி போர்ட்டும் சார்ஜ் வாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். சில மாடல்களில் ஒரிஜினல் அடாப்டர் இருந்தும், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முழு வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரியிலிருந்தும் போகும். விளையாட்டை நிறுத்தியதும் மறுபடி ஏறினால் அது பழுதல்ல. 80 சதவீதத்தில் ஏறாமல் நிற்பதும் பல நேரம் பழுதல்ல, பேட்டரியைக் காக்க வைத்திருக்கும் செட்டிங்தான்.

லோ வோல்டேஜ் என்று ஸ்டெபிலைசர் வாங்கிச் செலவழிக்காதீர்கள். அடாப்டர் லேபிளில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். அதைவிட, லூசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வாட் பற்றாக்குறையை அது தீர்க்காது.

பின் ஆடுகிறது என்று பேப்பரை மடித்து முட்டுக்கொடுத்து ஓட்டுவது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். லூசான இடத்தில் சூடு ஏறும், பொறி பறக்கும், மதர்போர்டு கருகும். ஜாக்கை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையிலேயே மாற்றிவிடுங்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள்.